எக்ஸ்ரே நார்மல், ஆனால் இருமல் நிற்கவில்லை: மூச்சுக்குழாயின் அரிய கோளாறுகள் பற்றிய கேள்வி பதில்

எத்தனை வாரம் இருமினால் அது நாள்பட்ட இருமல்?

பெரியவர்களுக்கு 8 வாரம், குழந்தைகளுக்கு 4 வாரம். ஆனால் நம் ஊரில் 2 வாரம் தாண்டினாலே சளியில் டிபி பரிசோதனை செய்துவிட வேண்டும். அதற்காக 8 வாரம் காத்திருக்கக் கூடாது. சளியில் ரத்தம், எடை குறைவு, மூச்சிரைப்பு, குரல் மாற்றம், நெடுநாள் புகைத்தவருக்குப் புதிதாக வந்த இருமல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வாரக்கணக்கு பார்க்க வேண்டாம்.

அரிய நோயைத் தேடும் முன் எதையெல்லாம் முடித்திருக்க வேண்டும்?

"எல்லா மருந்தும் சாப்பிட்டாயிற்று" என்று வருபவர்களில் பலர் எந்த மருந்தையும் முறையான அளவில், முறையான காலத்துக்கு எடுத்திருப்பதில்லை. முதலில் அதைச் சரிபார்க்க வேண்டும்.

ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் வகை மாத்திரை சாப்பிடுகிறவரானால், மருத்துவரிடம் சொல்லி அதை லோசார்டன் அல்லது டெல்மிசார்டனாக மாற்றிக்கொள்ள வேண்டும். இருமல் அடங்கப் பொதுவாக 4 வாரம் ஆகும். சிலருக்கு 3 மாதம்வரை இழுக்கும். மாற்றிய ஒரே வாரத்தில் "இதனால் இல்லை" என்று முடிவுகட்டுவது வழக்கமாக நடக்கும் தவறு.

ஆஸ்துமா வகை இருமலுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலரை 4 முதல் 8 வாரம் தினமும் எடுத்தால்தான் அது ஒரு சோதனை. இருமல் வரும்போது மட்டும் இரண்டு இழுப்பு என்பது கணக்கில் சேராது. பம்ப் வகை இன்ஹேலர் என்றால் ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே வைக்கும் குப்பி) வேண்டும். இழுத்தபின் 10 வினாடி மூச்சை அடக்க வேண்டும். பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். நெஞ்செரிச்சலே இல்லாதவருக்கு மாதக்கணக்கில் அமிலம் குறைக்கும் மாத்திரை கொடுப்பதால் இருமலில் பலன் மிகக் குறைவு. மூக்கடைப்பும் தொண்டையில் சளி இறங்குவதும் இருந்தால் மூக்கு ஸ்ப்ரே ஒரு மாதமாவது தேவை.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்த பிறகும் இருமல் நின்றபாடில்லை என்றால், அதே மருந்தை அடுத்த பெயரில் தொடராமல் குழாயையே நேரில் பார்க்கும் கட்டத்துக்குப் போக வேண்டும்.

எக்ஸ்ரே நார்மல் என்றால் நுரையீரலில் கோளாறு இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. எக்ஸ்ரே நுரையீரல் திசுவை ஓரளவு காட்டும். மூச்சுக்குழாயின் உள்சுவரைக் காட்டாது. குழாய்க்குள் வளரும் சிறு கட்டி, சுவரில் மட்டும் இருக்கும் டிபி, மூச்சை விடும்போது மட்டும் மடங்கும் மூச்சுக்குழாய், சிக்கிக்கொண்ட நிலக்கடலைத் துண்டு ஆகிய நான்குமே நார்மல் எக்ஸ்ரேயுடன் இருக்க முடியும்.

இருமும் விதத்தை வைத்துக் காரணத்தை ஊகிக்க முடியுமா?

ஓரளவுக்கு. நாய் குரைப்பது போன்ற கனத்த ஓசையும், சளியை வெளியே தள்ள முடியாத தவிப்பும் இருந்தால் பெரிய மூச்சுக்குழாய் தளர்ந்திருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் வீசிங் கேட்டால் அங்கே ஏதோ அடைத்திருக்கிறது. ஆஸ்துமா இரண்டு பக்கமும் கேட்கும். தினமும் கிண்ணம் நிறையச் சளி வந்தால் மூச்சுக்கிளைக் குழாய்கள் நிரந்தரமாக விரிந்திருக்கலாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா வருவது இவை எல்லாவற்றையும்விட முக்கியமான தடயம். பழைய எக்ஸ்ரேக்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அதனால் பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஸ்பைரோமெட்ரியில் (ஊதவைத்து மூச்சின் அளவையும் வேகத்தையும் அளக்கும் சோதனை) எண்கள் சரியாக இருந்தன. இனி அதில் பார்க்க என்ன இருக்கிறது?

மூச்சின் வேகத்தை வரைந்து காட்டும் வளைகோடு இருக்கிறது. பெரிய மூச்சுக்குழாயில் அடைப்பு இருந்தால் எண்கள் பிந்தித்தான் மாறும்; கோட்டின் வடிவம் அதற்கு முன்பே தட்டையாகும். கழுத்துப் பகுதிக் குழாய் சுருங்கினால் மூச்சை இழுக்கும் பாதி தட்டையாகும். நெஞ்சுக்குள் இருக்கும் பகுதி தளர்ந்திருந்தால் மூச்சை விடும் பாதி. இறுகிப்போன சுருக்கம் என்றால் இரண்டு பாதியும். பல பரிசோதனைக் கூடங்களில் ஊதுவதை மட்டும் பதிவு செய்து அனுப்பிவிடுகிறார்கள். வேகமாக மூச்சை இழுப்பதையும் பதிவு செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இன்னொன்று: குழாயின் விட்டம் ஏறக்குறைய 8 மி.மீ.க்குக் கீழே வந்த பிறகே வளைகோட்டில் மாற்றம் தெரியும். ஆகவே வளைகோடு நன்றாக இருப்பதை வைத்து மட்டும் கட்டி இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் கூடியிருக்கிறது. "ஈஸ்னோபீலியா" என்று மாத்திரை தந்தார்கள். போதாதா?

ஈசினோபில் என்ற ஒருவகை வெள்ளணு கூடியிருப்பது ஒரு அறிகுறிதான், நோய் அல்ல. அதன் பின்னால் குறைந்தது மூன்று வெவ்வேறு நோய்கள் இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு; ஒன்றின் மருந்து இன்னொன்றைக் கெடுக்கவும் செய்யும்.

முதலாவது, யானைக்கால் புழுவினால் வரும் வெப்பமண்டல ஈசினோபிலியா. கொசு வழியாக வந்த புழுவின் நுண்குஞ்சுகள் நுரையீரலில் சிக்கி, உடல் அவற்றுக்கு எதிராக அளவுக்கு மீறிப் பொங்குவதால் வருவது. இரவில், குறிப்பாக நள்ளிரவு தாண்டி வரும் வறட்டு இருமல், இளைப்பு, லேசான காய்ச்சல், எடை குறைவு. ஈசினோபில் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 3,000க்கு மேல் இருக்கும். மொத்த ஐஜிஇ (ஒவ்வாமையில் கூடும் எதிர்ப்பொருள்) மிக உயர்ந்திருக்கும். யானைக்கால் புழு எதிர்ப்பொருள் பரிசோதனை பாசிட்டிவாக வரும். ரத்தத்தில் நுண்குஞ்சுகள் தெரியாது, அதனால் இரவில் எடுத்த ரத்தப்பூச்சு நெகட்டிவ் என்பதை வைத்து இந்த நோயை ஒதுக்கக் கூடாது. பழைய சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையில் 1940-ல் ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும் "டிபி போலவே தோன்றி டிபி அல்லாத" நிலை என்று எழுதியது இதைத்தான். மருந்து டைஎதில்கார்பமசின்: தினமும் கிலோவுக்கு 6 மி.கி., மூன்று வேளையாகப் பிரித்து, 14 முதல் 21 நாள். பெரும்பாலும் முதல் வாரத்திலேயே இருமல் குறையத் தொடங்கும். அதற்காகப் பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும். கவனிக்காமல் வருடக்கணக்கில் விட்டால் நுரையீரல் தழும்பேறிவிடும். இலங்கை 2016-ல் யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதால், அங்கே இந்த நோயறிதலுக்குப் போகும் முன் பயண விவரத்தைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைக்கு மூச்சுக்குழாய் காட்டும் ஒவ்வாமை. கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

மூன்றாவது, ஆஸ்துமா அல்லாத ஈசினோபிலிக் ப்ராங்கைடிஸ். ஸ்பைரோமெட்ரி நார்மல், மூச்சுக்குழாய் எளிதில் சுருங்குகிறதா என்று பார்க்கும் மெத்தாகோலின் சோதனையும் நார்மல். ஆனால் உப்புநீர் ஆவி பிடிக்க வைத்து எடுத்த சளியில் ஈசினோபில் ஏறக்குறைய 3 சதவீதத்தைத் தாண்டும். ரத்தத்தில் எண்ணிக்கை கூடாமலும் இருக்கலாம். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் இதில் உதவாது. ஸ்டீராய்டு இன்ஹேலர் சில வாரங்களில் நன்றாகக் கேட்கும். மாவு, பிசின், மரத்தூள் போன்ற வேலையிடத் தூசு காரணமா என்று கேட்காமல் விட்டால், இன்ஹேலரை நிறுத்தியதும் இருமல் திரும்பிவிடும்.

ஒரு எச்சரிக்கை: காரணம் தெரியாமல் ஈசினோபில் கூடியிருப்பவருக்கு ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கும் முன், செருப்பில்லாமல் வயலில் நடப்பவர்களுக்கு வரும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் குடற்புழு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். ஸ்டீராய்டு கொடுத்தால் அந்தப் புழு உடல் முழுதும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம்.

பூஞ்சை ஒவ்வாமையை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிக் குணப்படுத்துவது?

ஆஸ்துமா கட்டுக்குள் வரவில்லை, பழுப்பு நிறத்தில் கட்டியாகச் சளி வருகிறது, எக்ஸ்ரேயில் நிழல் இடம் மாறி மாறி வருகிறது என்றால் தேட வேண்டும். முதல் சோதனை ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸுக்கு எதிரான ஐஜிஇ. அது 0.35-க்குக் கீழே என்றால் இந்தப் பூஞ்சையைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். கூடியிருந்தால் மொத்த ஐஜிஇ பார்க்க வேண்டும். பழைய அளவுகோல் 1,000, 2024-ல் திருத்திய சர்வதேச அளவுகோல் 500. இதோடு பூஞ்சைக்கு எதிரான ஐஜிஜி (இன்னொரு வகை எதிர்ப்பொருள்), 500-க்கு மேற்பட்ட ஈசினோபில், சிடியில் பொருந்தும் மாற்றம் ஆகியவற்றில் இரண்டு வேண்டும். குழாயை அடைத்திருக்கும் சளி சிடியில் பக்கத்துத் தசையைவிட வெண்மையாகத் தெரிந்தால், நோய் கிட்டத்தட்ட உறுதி.

இந்த நிழல்களை டிபி என்று எண்ணி ஆறு மாத மாத்திரையை முடித்துவிட்டு வருகிறவர்கள் இந்தியாவில் நிறையப் பேர்.

சிகிச்சை இரண்டு வகை. பிரெட்னிசலோன் (ஸ்டீராய்டு மாத்திரை) தினமும் கிலோவுக்கு 0.5 மி.கி.யில் 2 முதல் 4 வாரம், பிறகு படிப்படியாகக் குறைத்து மொத்தம் 4 மாதம். அல்லது பூஞ்சை மருந்தான இட்ராகோனசோல் 200 மி.கி. இரு வேளை, 4 மாதம். காப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். பேன்டப்ரசோல், ஒமிப்ரசோல் கூடவே ஓடினால் அது ரத்தத்தில் ஏறாது. பலரும் கவனிக்காத இன்னொரு சிக்கல் இன்ஹேலரில் இருக்கிறது. இட்ராகோனசோல், புடிசோனைடும் ஃப்ளூட்டிகசோனும் உடலிலிருந்து கழிவதைத் தடுத்துவிடும். முகம் வீங்கி, சர்க்கரை ஏறி, அட்ரினல் சுரப்பி படுத்துவிட்ட பிறகுதான் தெரியவரும். அந்த மாதங்களுக்கு பெக்ளோமெத்தசோனுக்கு மாறுவது பாதுகாப்பானது.

8 வாரத்தில் மொத்த ஐஜிஇயை மீண்டும் பார்க்கிறோம். 20 முதல் 25 சதவீதம் குறைந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது. அது நார்மலுக்கு வரும்வரை ஸ்டீராய்டைக் கொடுத்துக்கொண்டே போவது தவறு. பலருக்கு ஒருநாளும் நார்மலுக்கு வராது.

சளியில் டிபி இல்லை என்று வந்துவிட்டது. அப்படியும் டிபி இருக்குமா?

இருக்கும். மூச்சுக்குழாயின் உள்சுவரைத் தாக்கும் எண்டோப்ராங்கியல் டிபியில் சளிப் பரிசோதனை நெகட்டிவாக வருவது சாதாரணம். இளம்பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது. ஒரு பக்க வீசிங், குரைப்பது போன்ற இருமல், இன்ஹேலருக்குக் கேட்காமை ஆகியவற்றைப் பார்த்து ஆஸ்துமா என்றே மாதக்கணக்கில் ஓட்டிவிடுவார்கள். ப்ராங்கோஸ்கோபியில் (கேமரா பொருத்திய கருவியை விட்டு மூச்சுக்குழாயை நேரில் பார்ப்பது) வெண்ணிறப் படலம், வீக்கம், புண், சிறு மணிகள் அல்லது கட்டி போன்ற வளர்ச்சி தெரியும். புற்றுநோய் போலவே தோன்றக்கூடும் என்பதால் பயாப்சி இல்லாமல் முடிவுக்கு வரக் கூடாது. அப்போது குழாய்க்குள் உப்புநீர் விட்டு உறிஞ்சியெடுக்கும் கழுவுநீரைச் சிபிநாட் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை), கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) இரண்டுக்கும் அனுப்ப வேண்டும். திரவ ஊடகக் கல்ச்சரில் நெகட்டிவ் என்று சொல்ல 6 வாரம் வேண்டும்.

மருந்து வழக்கமான 6 மாதத் திட்டமே: முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று. சிக்கல் கிருமி செத்த பிறகு வருகிறது. ஆறும் புண் தழும்பாகிக் குழாயைச் சுருக்கும், பெரும்பாலும் இடது பிரதான மூச்சுக்குழாயை. ஆகவே மாத்திரை முடிந்த பிறகும் இருமலோ மூச்சிரைப்போ தொடர்ந்தால் மறுபடி சிடியோ ப்ராங்கோஸ்கோபியோ தேவை. சுருக்கத்தைப் பலூனால் விரிக்கலாம். பல முறை செய்ய நேரலாம். புற்றல்லாத சுருக்கத்தில், குழாயைத் திறந்தே வைக்கும் உலோக ஸ்டெண்டைக் கூடியவரை தவிர்க்க வேண்டும், ஏனென்றால் திசு அதற்குள் வளர்ந்து, பிறகு எடுப்பதே பெரும்பாடாகிவிடும். சிலிக்கான் ஸ்டெண்ட் எடுக்கக்கூடியது.

டிபி சந்தேகம் இருக்கையில் இருமலுக்கென்று லிவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் எழுதுவதைத் தவிர்க்க வேண்டும். அவை டிபியைச் சில நாள் அமுக்கிப் பரிசோதனையை நெகட்டிவாக்கும்; கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடவும் வழியாகும்.

மூச்சுக்குழாயில் ஏதாவது சிக்கியிருந்தால் நமக்கே தெரியாதா?

புரையேறிய அந்த நிமிடம் தெரியும். பிறகு ஒரு அமைதியான காலம் வரும். நாளாக ஆக மறந்துவிடும். குழந்தைகளுக்கு நிலக்கடலை, பட்டாணி, புளியங்கொட்டை, விசில். பெரியவர்களுக்குப் பாக்குத் துண்டு, கழன்ற பல் தொப்பி, எலும்பு. வலிப்பு, பக்கவாதம், குடிபோதை இருந்தால் வாய்ப்பு அதிகம். வலது குழாய் அகலமாகவும் நேராகவும் இருப்பதால் பெரியவர்களுக்கு அங்கேதான் பெரும்பாலும் போய் உட்காரும். உணவுப் பொருட்கள் எக்ஸ்ரேயில் தெரியா. மூச்சை முழுதும் விட்ட நிலையில் எடுத்த படத்தில் ஒரு பக்க நுரையீரல் மட்டும் காற்றுச் சிறைப்பட்டு உப்பியிருந்தால் அது தடயம். படம் நார்மலாக இருந்தாலும், புரையேறிய வரலாறு தெளிவாக இருந்தால் ப்ராங்கோஸ்கோபி செய்தே ஆக வேண்டும்.

குழந்தைகளுக்கு மயக்க மருந்துடன் விறைப்பான ப்ராங்கோஸ்கோப்தான் பாதுகாப்பு. எடுக்கும்போதே சுவாசம் கொடுக்க முடியும். பெரியவர்களுக்கு வளையும் கருவியில் கூடை, இடுக்கி, உறையவைக்கும் முனை கொண்டு எடுக்கலாம். 1897-ல் ஜெர்மனியில் குஸ்டாவ் கில்லியன் ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயிலிருந்து எலும்புத் துண்டை எடுத்ததில்தான் ப்ராங்கோஸ்கோபியே தொடங்கியது.

மூச்சுக்குழாய் "தளர்ந்துவிட்டது" என்கிறார்களே, அது என்ன?

மூச்சுக்குழாயின் முன்பக்கம் குருத்தெலும்பு வளையங்கள், பின்பக்கம் மெல்லிய தசைச்சவ்வு. வளையம் வலுவிழந்தாலோ சவ்வு தொய்ந்தாலோ, வேகமாக மூச்சை விடும்போது குழாய் உள்ளே மடங்கி ஒட்டிக்கொள்ளும். இருமும்போதும் அப்படியே ஆவதால் சளி வெளியேறாது. வெளியேறாத சளி மறுபடி இருமலைத் தூண்டும்.

சாதாரண சிடி மூச்சை அடக்கிய நிலையில் எடுப்பது, அதில் இது தெரியவே தெரியாது. மூச்சை வேகமாக விட்டுக்கொண்டிருக்கும்போது இன்னொரு படம் எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு 50 சதவீதம் குறைந்தால் நோய் என்பது பழைய கணக்கு. ஆரோக்கியமானவர்களுக்கே அவ்வளவு குறையலாம் என்பதால் இப்போது பல மையங்கள் 70 சதவீதத்தை வைத்துக்கொள்கின்றன. 90-க்கு மேல் போனால் கடுமையானது.

சிகிச்சை உடனிருக்கும் ஆஸ்துமா, சிஓபிடி (பெரும்பாலும் புகையால் வரும் நாள்பட்ட மூச்சடைப்பு நோய்), அமில எதுக்களிப்பு ஆகியவற்றைச் சரிசெய்வதில் தொடங்கும். அடுத்து சளி வெளியேற்றும் ஊதுகருவி, உப்புநீர் நெபுலைசர், இரவில் சிபாப் (முகமூடி வழியாக அழுத்தத்தில் காற்று தரும் கருவி). சிபாப்பின் காற்றழுத்தம் குழாயை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கும். இவை போதாதபோது சிலிக்கான் ஸ்டெண்டை 1 முதல் 2 வாரம் வைத்துப் பார்ப்பார்கள். அந்த நாட்களில் நோயாளி தெளிவாகத் தேறினால் மட்டுமே, பின்சுவரில் வலை வைத்துத் தைக்கும் அறுவை சிகிச்சை. இந்தச் சோதனையைத் தாண்டி நேரே அறுவைக்குப் போவது நல்லதல்ல.

இன்னும் என்னென்ன அரிய காரணங்கள் உண்டு?

கார்சினாய்டு கட்டி: மெதுவாக வளரும், எளிதில் ரத்தம் கசியும், புகைக்காத இளையவருக்கும் வரும். ஆஸ்துமா என்றே வருடக்கணக்கில் போகலாம். அறுவையில் முழுதாக எடுத்தால் பெரும்பாலும் குணம்.

மூச்சுக்குழாய்ச் சுவரில் எலும்பு முடிச்சுகள் தோன்றும் ஒரு நிலை உண்டு. பின்சவ்வை விட்டு, முன்னும் பக்கத்திலும் மட்டும் முடிச்சுகள் இருப்பதே அடையாளம். அமிலாய்டு (ஒரு வகைப் புரதம்) படிவு என்றால் பின்பக்கத்தையும் விடாது. முடிச்சுகள் புற்றுநோய் அல்ல, அடைப்பில்லாவிட்டால் விட்டுவிடலாம்.

காது மடல் சிவந்து வீங்குவது, மூக்குத்தண்டு அமுங்குவது, கூடவே இருமல் என்றால் குருத்தெலும்பு அழற்சி. பயாப்சி அல்லது சிகிச்சைக்கு ப்ராங்கோஸ்கோபி செய்வதும் இந்நோயில் ஆபத்தாகலாம் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வென்டிலேட்டரில் இருந்து வந்த சில வாரம், மாதம் கழித்துத் தொடங்கும் இருமலும் இரைப்பும் குழாய்ச் சுருக்கமாகவே இருக்கும் என்று எண்ணித் தொடங்குங்கள்.

விரிந்துபோன மூச்சுக்கிளைகளுக்கு இந்தியாவில் முதல் காரணம் பழைய டிபி. தினசரி சளி வெளியேற்றும் பயிற்சிதான் அடிப்படை சிகிச்சை, ஆன்டிபயாடிக் இரண்டாவது. வருடத்துக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ மோசமானால் அசித்ரோமைசின் 500 மி.கி. வாரம் மூன்று நாள் உண்டு. ஆனால் அதற்கு முன் டிபி அல்லாத மைகோபாக்டீரியா இல்லை என்று கல்ச்சரில் உறுதிசெய்து, ஈசிஜியும் எடுத்திருக்க வேண்டும்.

ப்ராங்கோஸ்கோபிக்கு எப்படித் தயாராவது?

திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்த வேண்டும். ஆஸ்பிரினைப் பொதுவாகத் தொடரலாம். பயாப்சி எடுப்பதானால் க்ளோபிடோக்ரெலை 5 முதல் 7 நாள் முன்பே, இதய மருத்துவரின் சம்மதத்தோடு மட்டும் நிறுத்த வேண்டும். இதயத்தில் ஸ்டெண்ட் வைத்திருப்பவர் தானாக நிறுத்தக் கூடாது. முடிந்த பிறகு தொண்டை மரத்திருக்கும், 2 மணி நேரம் எதுவும் சாப்பிட வேண்டாம். மயக்க ஊசி போட்டிருந்தால் அன்று வண்டி ஓட்டக் கூடாது. இரவில் லேசான காய்ச்சலும் சளியில் ரத்தக் கோடும் சகஜம்.

நோயாளி கேட்க வேண்டியது ஒன்று உண்டு: எடுத்த கழுவுநீரை எந்தெந்தப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள்? பாக்டீரியா, டிபி, பூஞ்சை, செல் பரிசோதனை நான்கும் ஒரே முறையில் போக வேண்டும். ஒன்று விட்டுப்போனால் மறுபடி குழாய் விட நேரும்.

குழந்தைக்கு ஒரு மாதமாகச் சளி இருமல். சிடி எடுக்க வேண்டுமா?

உடனே வேண்டாம். வேறு அபாய அறிகுறி இல்லாமல், எக்ஸ்ரேயும் ஸ்பைரோமெட்ரியும் (ஊதத் தெரிந்த வயதானால்) சரியாக இருந்தால், மருத்துவர் 2 வாரம் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் தருவார். முழுதும் போகாவிட்டால் இன்னும் 2 வாரம். 4 வாரத்துக்கும் அசையவில்லை என்றால்தான் சிடி, ப்ராங்கோஸ்கோபி. பிறந்ததிலிருந்தே மூக்கொழுகலும் காதில் சீழும் சேர்ந்திருந்தால், இதயம் வலப்பக்கம் இருந்தால், மூச்சுக்குழாய் நுண்மயிர்களின் பிறவிக் கோளாறைத் தேட வேண்டும்.

எல்லாம் பார்த்தும் எதுவும் இல்லை என்கிறார்கள். மனப்பிரச்சினையா?

பெரும்பாலும் இல்லை. இருமல் நரம்புகள் மிகையாகக் கூர்மையாகிவிட்ட நிலை. பேச்சு, சிரிப்பு, ஏசி காற்று, தாளிப்பு வாசனை எல்லாமே இருமலைத் தூண்டும். இருமலை அடக்கும் பேச்சுப்பயிற்சி சிகிச்சை, குறைந்த அளவு மார்ஃபின் அல்லது காபாபென்டின் பலருக்கு உதவுகின்றன. கெஃபாபிக்சன்ட் என்ற புது மாத்திரை ஜப்பானில் 2022-ல் அனுமதி பெற்றது. நாக்கில் சுவை மாறுவது அதன் பெரிய தொல்லை.

எப்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

மூச்சை இழுக்கும்போது கரகரவென்று ஓசை வந்தால், உதடு நீலமானால், புரையேறிய பின் பேச முடியாமல் போனால். ரத்தம் ஒரு டம்ளர் அளவுக்கு வந்தாலும் ஓட வேண்டும். எந்தப் பக்கம் நோய் என்று தெரிந்திருந்தால் அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைத்து ஆம்புலன்ஸில் கொண்டுபோங்கள். அப்போதுதான் நல்ல நுரையீரலுக்குள் ரத்தம் இறங்காது. கையில் பழைய சிடி தகடும் சாப்பிடும் மாத்திரைகளும் இருக்கட்டும்.